ஹாலோவீன்: தொடர் அறுந்த ஒரு செய்தி

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் நெருங்குகையில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடியேறிய நம்மவர் குடும்பங்களுக்குள் ஒரு பிரசுரம் சுற்றி வரத் தொடங்குகிறது. முன்னர் ஒளிநகலாக வந்தது. பின்னர் மின்னஞ்சலில் வந்தது. இப்போது கைப்பேசியில் வருகிறது. வடிவம் மாறிற்றே தவிர வாசகம் மாறவில்லை. அக்டோபர் 31ஆம் நாள் இரவில் கொண்டாடப்படும் ஹாலோவீன், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கெல்டியரின் ‘சௌவின்’ பண்டிகை. சௌவின் என்பவன் மரண தேவன். அவ்விரவில் துரூயித் பூசாரிகள் வீடு வீடாகச் சென்று நரபலிக்கு ஆள் கேட்டனர். இன்று குழந்தைகள் முகமூடி அணிந்து மிட்டாய் கேட்பது அதன் எச்சம். இவ்வளவுதான் அதன் சாரம். இறுதியில் ‘ஆகவே முஸ்லிம்களே, எச்சரிக்கை!’ என்றொரு வரி.

சென்ற ஆண்டு இதை எனக்கு அனுப்பியவர் என் உறவுக்காரப் பெண். அவருடைய ஏழு வயது மகன் அன்றைய வகுப்புக் கொண்டாட்டத்தில் ஏன் கலந்துகொள்ளவில்லை என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். பதில் கடிதத்துடன் இப்பிரசுரத்தையும் இணைத்து அனுப்பலாமா என்பது அவருடைய கேள்வி. ‘மாமா, இதிலுள்ளது சரிதானே?’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்கு விடை தேடிப் படித்தவற்றின் மீதான விமர்சனமே இக்கட்டுரை. நம் பிள்ளைகள் இப்பண்டிகையில் பங்கெடுக்கலாமா என்பது மார்க்கச் சட்ட அறிஞர்கள் பேசிய, பேசவேண்டிய விஷயம். நான் எடுத்துக்கொள்வது அதற்கு முந்திய கேள்வி: சொல்லப்படும் செய்தி உண்மையா?

செய்தியை ஆராய நம்மிடம் ஒரு பழைய கருவி உண்டு. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு வாசகத்தின் அழகையோ பயனையோ பார்த்து அதை ஏற்றுக்கொண்டதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, இடையில் யாரேனும் விடுபட்டனரா என்று வினவினார்கள். ஹதீஸுக்கென்று உருவான கருவியை அயர்லாந்துப் பண்டிகை ஒன்றுக்குப் பொருத்துவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சௌவின் கதையைப் பரப்புவோர் எவருமே எழுப்பாத கேள்வி அந்த ‘யாரிடமிருந்து?’ என்பதுதான்.

துரூயித்களைப் பற்றி நேரடிக் காலத்துச் சான்று தருபவர் ஜூலியஸ் சீசர். கால் நாட்டுப் போரைப் பற்றிய தம் நூலில், கெல்டியர் இரவைக் கொண்டே நாளைக் கணக்கிட்டனர் என்கிறார் (மாலையில் நாள் பிறக்கக் காணும் நமக்கு இதில் வியப்பில்லை). கிளைகளால் பின்னிய பெரிய உருவங்களுக்குள் மனிதர்களை அடைத்து எரித்தனர் என்ற கொடூரச் செய்தியையும் அவரே தருகிறார். அவர் அம்மக்களை வென்ற பகைவர் என்பதால் இதனை எவ்வளவு நம்புவது என்பது தனி விவாதம். இங்கு நோக்கவேண்டியது வேறு. இப்பலி ஆண்டின் எந்த நாளில் நடந்தது என்று சீசர் சொல்லவில்லை. சௌவின் என்ற பெயரே அவர் நூலில் இல்லை. பலியை அக்டோபர் இறுதி இரவில் கொண்டுபோய் வைத்தது பிற்காலத்தவரின் கைவேலை.

1897இல் பிரான்சின் கொலிஞி என்ற ஊரில் வெண்கலத் தகட்டில் பொறித்த கெல்டிய நாட்காட்டி ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. அதில் ‘சமோனியோஸ்’ என்றொரு மாதமும், அம்மாதத்தில் ‘சமோனியின் மூன்று இரவுகள்’ என்றொரு குறிப்பும் உள்ளன. ஐரிஷ் சௌவினுக்கு இது உறவுடையது என்று பலர் எழுதிவிட்டனர். ஆனால் அம்மாதம் கோடையில் வந்ததா, இலையுதிர் காலத்தில் வந்ததா என்பதிலேயே ஆய்வாளர்கள் இன்றளவும் ஒன்றுபடவில்லை. அவ்விரவுகளில் என்ன நடந்தது என்பது பற்றித் தகட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது.

எஞ்சுவது அயர்லாந்தின் இடைக்கால இலக்கியம். இங்கு சௌவின் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. கோடை முடிந்து மேய்ச்சல் நிலத்திலிருந்து மந்தைகள் இறங்கிவரும் காலம். அரசர்கள் சபை கூட்டி விருந்து வைக்கும் காலம். அல்ஸ்டர் நாட்டு வீரர்கள் அந்நாளுக்கு முன் மூன்று நாட்களும் பின் மூன்று நாட்களும் கூடிக் களித்ததாக ஒரு கதை தொடங்குகிறது. இன்றும் ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்தின் பெயர் சௌவின்தான். அது எந்தத் தேவனின் பெயரும் அன்று. ‘மரண தேவன்’ பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அயர்லாந்தில் பணிபுரிந்த சார்லஸ் வாலன்ஸி என்ற ராணுவப் பொறியாளரின் எழுத்தில். ஐரிஷ் மொழிக்கும் கீழை மொழிகளுக்கும் உறவு கற்பிப்பதில் பெரும் ஆர்வம் கொண்டிருந்த அம்மனிதர், சௌவினை ஒரு தெய்வத்தின் பெயராக்கினார். மொழியியலார் அவரைக் கைவிட்டு நெடுங்காலம் ஆயிற்று. பிரசுரம் எழுதுவோர் கைவிடவில்லை.

ஐரிஷ் கதைகளுள் ‘நேராவின் சாகசம்’ என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குருவாஹான் அரண்மனையில் சௌவின் இரவு. வெளியே கழுமரத்தில் இரு கைதிகள் தூக்கிலிடப்பட்டுத் தொங்குகின்றனர். அவர்களில் ஒருவன் காலில் கொடியொன்றைக் கட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்கிறான் அரசன். இருளுக்கு அஞ்சி ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட, நேரா மட்டும் கட்டிவிடுகிறான். பிணம் வாய் திறந்து, ‘தாகமாயிருக்கிறது’ என்கிறது. நேரா அதைத் தோளில் சுமந்து வீடு வீடாகத் தண்ணீர் தேடிப் போகிறான். திரும்பிப் பார்த்தால் அரண்மனை தீப்பற்றி எரிகிறது, தலைகள் கொய்து குவிக்கப்பட்டிருக்கின்றன. கொன்றவர்களைத் தொடர்ந்து ஒரு குகைக்குள் நுழைந்து மறைவுலகை அடைகிறான். அங்கே மணந்துகொண்ட பெண், நீ கண்டது நடந்ததன்று, எச்சரிக்காவிட்டால் அடுத்த சௌவினில் நடக்கப்போவது என்கிறாள். அவன் வந்து பார்க்கும்போது அரசனும் சுற்றமும் அதே அடுப்பைச் சுற்றி அப்படியே அமர்ந்திருக்கின்றனர், சமையலும் இறங்கவில்லை.

அரிய கதை. அந்த இரவில் இவ்வுலகுக்கும் மறைவுலகுக்கும் இடையிலான திரை விலகும் என்ற எண்ணம் அயர்லாந்தில் இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் இக்கதையை நமக்குத் தருபவர் யார்? கிறித்தவத் துறவியர் வளர்த்த எழுத்து மரபு. கதையைக் காக்கும் சுவடி 14ஆம் நூற்றாண்டினது. கதை அதைவிடப் பல நூற்றாண்டு பழையதென்று கொண்டாலும், அயர்லாந்து கிறித்தவத்தைத் தழுவியது 5, 6ஆம் நூற்றாண்டுகளில். துரூயித்துக்கும் துறவிக்கும் இடையே சில நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. நம் கலையில் இத்தகைய செய்திக்கு ‘முன்கதிஃ’ என்று பெயர், தொடர் அறுந்தது. மேலும், இக்கதையிலோ இதையொத்த பிற கதைகளிலோ இறந்த மூதாதையர் வீடு திரும்புவதில்லை, அவர்களுக்குப் படையல் இல்லை. வருவோர் மறைவுலக மாந்தர். ‘இறந்தோர் திருநாள்’ இங்கே இல்லை.

பின் அது எங்கிருந்து வந்தது? இவ்விடத்தில்தான் இரு பேரறிஞர்களின் பொறுப்பைச் சுட்டவேண்டியிருக்கிறது. ஆக்ஸ்போர்டின் முதல் கெல்டியப் பேராசிரியர் ஜான் ரீஸ், 1886இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், சௌவின்தான் கெல்டியரின் புத்தாண்டு என்றார். அவருக்குக் கிடைத்த ஆதாரம் பெரிதும் தம் காலத்து நாட்டார் வழக்குகள். மான் தீவில் அக்டோபர் இறுதி இரவைச் சிலர் ‘புத்தாண்டு இரவு’ என்று அழைத்தது அவருக்குப் பெருஞ்சான்றாகப் பட்டது. 19ஆம் நூற்றாண்டுக் கிராமத்தானின் வாய்ச்சொல்லை ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய சடங்குக்குச் சாட்சியாக நிறுத்துவதென்றால் இடையிலுள்ள அறுபது தலைமுறையின் பெயர் தெரியவேண்டாமா? ‘பொற்கிளை’ நூலால் 1890 முதல் உலகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஃப்ரேஸர் இன்னும் ஓரடி சென்றார். திருச்சபை நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை நினைவுகூர்கிறது; பழைய பண்டிகைகளின் மேல்தான் சபை தன் திருநாட்களை அமைக்கும்; ஆகவே அங்கே முன்பு ஒரு பழைய இறந்தோர் பண்டிகை இருந்திருக்க வேண்டும் என்றார். நிறுவ வேண்டியதையே அவர் ஆதாரமாக வைத்துவிட்டார். ஃப்ரேஸரின் நடையழகில் மயங்கிய இருபதாம் நூற்றாண்டு இதைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன். 1996இல் வெளிவந்த ‘சூரியனின் நிலையங்கள்’ என்ற அவருடைய நூல் பிரிட்டனின் ஆண்டுச் சடங்குகள் ஒவ்வொன்றையும் ஆவணங்களோடு உரசிப் பார்க்கிறது. சௌவின் பற்றிய அத்தியாயங்களில் அவர் காட்டும் ஒரு சிறு செய்தி ஃப்ரேஸரின் கட்டடத்தை அடித்தளத்தில் அசைக்கிறது. ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஐரிஷ் திருச்சபை நாட்காட்டிகளில் அனைத்துப் புனிதர் திருநாள் ஏப்ரல் 20ஆம் நாளில் உள்ளது. சௌவினை மூடி மறைக்கவே சபை நவம்பர் முதல் நாளைத் தேர்ந்தது என்றால், அந்த நாளை முதலில் பற்றியிருக்க வேண்டியது அயர்லாந்து. அதுவோ அந்நாளை அறியாமலிருந்தது. நவம்பர் முதல் நாள் இங்கிலாந்திலும் ஜெர்மானிய நிலங்களிலும் வேரூன்றிப் பின்னரே அயர்லாந்துக்குச் சென்றிருக்கிறது.

ஹட்டன் மிகையாகவும் பேசவில்லை. சௌவின் என்றொரு பெருநாள் இருந்ததையோ, அவ்விரவைப் பற்றிய அச்சத்தையோ அவர் மறுக்கவில்லை. அவர் நூலில் எனக்கொரு குறை உண்டு: ஆவணத்தில் இல்லாதது இருந்திருக்கவே முடியாது என்பதுபோல் சில இடங்களில் அவர் குரல் ஒலிக்கிறது. எழுதாத மக்களின் நம்பிக்கை ஆவணத்தில் எப்படி வரும்? தொடர் அறுந்த செய்தி பலவீனமானது. அது பொய் என்று முடிவாகிவிடாது. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். 2002இல் நூலெழுதிய கனடிய வரலாற்றாசிரியர் நிக்கலஸ் ராஜர்ஸ் இவ்விஷயத்தில் சற்று நிதானமாக நடக்கிறார் எனலாம்.

தொடர் அறுபடாமல் கிடைப்பது திருச்சபையின் பக்கத்தில்தான். ‘ஹாலோ’ என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதர். ஹாலோவீன் என்பது அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்திய மாலை. ரோமில் பாந்தியன் கோயிலைப் போப் நான்காம் போனிஃபேஸ் மே 13ஆம் நாளில் தேவாலயமாக்கியது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 800ஆம் ஆண்டில் அல்குயின் நவம்பர் முதல் நாளைப் பரிந்துரைத்து எழுதினார். 835இல், அதாவது ஹிஜ்ரி 220 வாக்கில், பேரரசர் லூயி அந்நாளைத் தம் ஆட்சிப் பரப்பெங்கும் நிலைநாட்டினார். அடுத்த நாளை மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் ஒதுக்கியவர் குளூனி மடத்தலைவர் ஓடிலோ. 998 வாக்கில் என்பது மரபு. அதையொட்டிய ஆண்டுகளில்தான் ஜுர்ஜானில் அமர்ந்து அல்பிரூனி தம் ‘அல்ஆஸாருல் பாக்கியா’வை எழுதிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது ஒரு மகிழ்ச்சி. பாரசீகர், யூதர், கிறித்தவர், ஸாபியர் முதலான பல சமூகத்தாரின் திருநாட்களை அவரவர் கணக்குப்படியே பதிவுசெய்த நூல் அது. ஓடிலோவின் புதுத் திருநாள் அவர் காதுக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லை. எட்டியிருந்தால் நமக்கு இத்தனை சிரமம் இருந்திராது.

இன்று குழந்தைகள் கதவு தட்டுவதற்கு நாம் அறியக்கூடிய பழைய முன்னோடி அந்த இறந்தோர் நாளிலேயே இருக்கிறது. மரித்த ஆன்மாக்கள் பாவம் தீரும்வரை ஓர் இடைநிலையில் வேதனைப்படுகின்றன, உயிரோடிருப்போரின் பிரார்த்தனை அவ்வேதனையைக் குறைக்கும் என்பது இடைக்காலச் சபையின் போதனை. எனவே ஏழைகள் வீடு வீடாக வந்தனர். அவர்களுக்கு ‘ஆன்ம ரொட்டி’ எனும் சிறு பணியாரம் வழங்கப்பட்டது. பெற்றவர் அவ்வீட்டின் இறந்தோருக்காக மன்றாடினார். வசதி படைத்தவன் தேடியது வறியவனின் பிரார்த்தனையை. இரப்பவன் அங்கே வெறுங்கையனாக வரவில்லை. ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில், சிணுங்கிப் பேசும் காதலனை இத்திருநாட் பிச்சைக்காரனுக்கு ஒப்பிடச் செய்கிறார். அரங்கிலிருந்தோர் விளக்கமின்றிச் சிரித்திருக்க வேண்டும்.

சீர்திருத்த இயக்கம் இந்த உறவை வெட்டியது. அந்த இடைநிலைக் கோட்பாடே வேதத்தில் இல்லாதது என்று இங்கிலாந்துத் திருச்சபை தன் 39 விதிகளில் அறிவித்தது. இறந்தோருக்காக இரவெல்லாம் மணியடித்தவர்கள் எலிசபெத் அரசி காலத்தில் தண்டிக்கப்பட்டனர். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டதும், நவம்பர் 5ஆம் நாள் நெருப்பு மூட்டும் தேசியத் திருநாளாயிற்று. அடுத்தடுத்து வந்த இரு இரவுகளில் அரசின் ஆதரவு பெற்றதே நின்றது. ஆயினும் செஷயர் போன்ற சில மாவட்டங்களில் ஆன்ம ரொட்டி கேட்டுப் பாடும் வழக்கம் மெலிந்து தொடர்ந்தது. பிரார்த்தனை போய்விட்டது, ரொட்டி மட்டும் நின்றது.

அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் அவ்விரவை வேறுவகையில் வைத்திருந்தன. ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய ‘ஹாலோவீன்’ என்ற நீண்ட கவிதைக்கு அவரே அடிக்குறிப்புகள் சேர்த்திருக்கிறார். நாட்டார் வழக்காற்றியலுக்கு அவை ஒரு புதையல். அவற்றில் மிகுந்திருப்பது திருமணச் சகுனம். கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கும் கோசுத் தண்டு நேராக இருந்தால் நல்ல வரன், கோணலாக இருந்தால் அதுபோலொருவன். அடுப்பில் இட்ட இரு கொட்டைகள் சேர்ந்து எரிந்தால் இல்லறம் இனிது, ஒன்று தெறித்தோடினால் இல்லை. சோதிடம் பார்ப்பதை நாம் ஏற்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, பலிபீடத்தின் நிழலை இக்குமரிகளின் சிரிப்பொலிக்கிடையே தேடுவோருக்குக் கற்பனை சற்று அதிகம்தான்.

டர்னிப் கிழங்கைக் குடைந்து பல் இளிக்கும் முகம் செதுக்கி விளக்கு வைத்தவர்களும் இவர்களே. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தில் அத்தகைய ஒரு கிழங்கின் சாந்து வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய கிழவனின் முகம்போன்ற அதன் படத்தைப் பார்த்தபின் அமெரிக்கப் பூசணி குழந்தை விளையாட்டாகத் தோன்றுகிறது.

1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் ஐரிஷ் மக்கள் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களோடு இவ்விரவும் அட்லாண்டிக்கைக் கடந்தது. டர்னிப்பின் இடத்தைப் பூசணி பிடித்தது, செதுக்க எளிது. அமெரிக்காவில் இது முதலில் இளைஞர்களின் குறும்பிரவாக இருந்தது. படலைக் கழற்றிக் கூரைமேல் ஏற்றுவதில் தொடங்கி, 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் சொத்துக்களை நாசம் செய்வதில் போய் நின்றது. நகர மன்றங்கள் கவலைகொண்டு விருந்துகளும் ஊர்வலங்களும் ஏற்பாடு செய்தன. ‘தராவிட்டால் குறும்பு’ என்று மிட்டாய் கேட்கும் வழக்கம் முன்பே கனடாவில் தலைகாட்டியிருந்தது. 1920களின் நாளிதழ்களில் அது பதிவாகியுள்ளது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு நீங்கியதும் 1940களின் இறுதியில் அது நாடெங்கும் பரவிற்று. மிட்டாய் நிறுவனங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. 2023இல் அமெரிக்கர் இப்பண்டிகைக்குச் செலவிடும் தொகை 1,200 கோடி டாலரைத் தாண்டும் என அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு கணித்தது. துரூயித்தை எச்சரிக்கும் பிரசுரம் இந்தத் தொகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

பிரசுரங்கள் இப்போது எந்தச் சூழலில் பிறந்தன என்பது விளங்கும். 1970களில் அமெரிக்கப் பெற்றோரை ஒரு பீதி பிடித்தது: அந்நியர்கள் ஆப்பிளில் சவரத் தகட்டையும் மிட்டாயில் விஷத்தையும் வைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த நாளிதழ்ச் செய்திகளைத் திரட்டி 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முன்பின் அறியாதவர் கொடுத்த மிட்டாயால் குழந்தை இறந்ததாகவோ கடுமையாகக் காயமுற்றதாகவோ உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த இனிப்பைத் தின்று இறந்தது உண்மை. ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்காக அதைக் கொடுத்தவன் அவனுடைய தந்தை. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பழி அந்நியனின் கதவில் எழுதப்பட்டது. குற்றம் வீட்டுக்குள் நடந்திருந்தது.

அதே 1980களில்தான், எங்கும் சாத்தான் வழிபாட்டைக் கண்ட அமெரிக்கச் சுவிசேஷக் கிறித்தவர்கள், நரபலிக்கு ஆள் கேட்டுக் கதவு தட்டும் துரூயித்களின் கதையைப் படக்கதைப் பிரசுரங்களாக அச்சிட்டனர். அதன் ஒரு பகுதி கத்தோலிக்கரின் புனிதர் நாளுக்கு எதிரான பழைய வசையின் மிச்சம். வாலன்ஸியின் தேவனும், சீசரின் தேதியில்லாத பலியும், ஃப்ரேஸரின் ஊகமும் அங்கே ஒன்றாகக் கலந்தன. ஹதீஸ் கலைச் சொல்லில் இதற்கு ‘மவ்ளூஃ’ என்பதைவிடக் குறைந்த தரம் கொடுக்க இயலாது. அதைத்தான் நம்மவர் எடுத்து, மேலே பிஸ்மில்லாஹ் எழுதி, முஸ்லிம் வீடுகளுக்கு அனுப்புகின்றனர். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தில் கட்டளை பெற்ற சமூகம், அடுத்தவர் மதத்தைப் பற்றிய செய்தி என்றால் மட்டும் விசாரணையைத் தள்ளுபடி செய்துகொள்வது எப்படி? நம்மைப் பற்றி ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் எழுதினர்; தொடரற்ற செய்தியின் காயம் நமக்குப் புதிதன்று.

உறவுக்காரப் பெண்ணுக்கு இவற்றையெல்லாம் எழுதவில்லை. பிரசுரத்தை அனுப்ப வேண்டாம் என்றும், அதிலுள்ளவற்றில் ‘அயர்லாந்து’, ‘அக்டோபர் 31’ என்ற இரண்டைத் தவிர எதற்கும் என்னால் பொறுப்பேற்க இயலாது என்றும் எழுதினேன். ‘அப்படியானால் காரணமாக என்ன சொல்வது?’ என்று கேட்டார். உண்மையான காரணம் எதுவோ அதை, என்றேன். இரண்டு நாள் கழித்துத் தாம் அனுப்பிய கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தார். மூன்றே வரி: நாங்கள் முஸ்லிம்கள். எங்கள் பெருநாட்கள் இரண்டு. அன்று பிற்பகல் மகனை நானே வந்து அழைத்துச் செல்கிறேன்.